சுட்டவன் பேரு என்ன?

போலீஸ் சுட்டு ஆள் செத்தால் நம் பத்திரிகைக்காரன் 'பலி' என்று எழுதுகிறான். இன்ன ஊரில் துப்பாக்கிச் சூடு, இத்தனை பேர் பலி. படித்துப் படித்து அந்தச் சொல் நமக்கு உறுத்தாமலே போய்விட்டது. எங்க திருச்சுழிப் பக்கம் பலி என்றால் கோயிலில் கிடா வெட்டுவது. அதிலேகூட அருவா பிடிச்சவன் யாருன்னு ஊருக்கே தெரியும். ஒரே வெட்டுல விழுந்துச்சா, ரெண்டு வெட்டான்னு பொங்கல் முடிஞ்சும் பத்து நாளைக்குப் பேச்சு ஓடும். மனுசனைச் சுட்டால் மட்டும் சுட்டவன் கிடையாது. 'துப்பாக்கிச் சூடு நடந்தது' என்கிறார்கள். நடப்பதற்கு அது என்ன தேரோட்டமா?

2011 செப்டம்பர் 11 பற்றித்தான் பேசுகிறேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. 1957இல் முதுகுளத்தூரில் சமாதானக் கூட்டம் நடந்த மறுநாள், இதே தேதியில், பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்ட இமானுவேல் சேகரனின் நினைவு நாள். அவர் சமாதிக்கு வந்த சனத்தின் மீது பரமக்குடி அய்ந்துமுனைச் சாலையில் போலீஸ் சுட்டது. ஆறு தலித்துகள் செத்தார்கள். இதை எழுதுகிற இன்றைய தேதி வரை ஒரு போலீஸ்காரர்கூட அதற்காகத் தண்டிக்கப்படவில்லை.

நான் அன்றைக்கு அந்த முக்கில் நின்றவன் இல்லை. கண்ணால் கண்ட சாட்சி என்று ஜம்பம் அடிக்க மாட்டேன். ஆனால் அந்தச் சாலைக்குப் போகிற சனம் எது என்று தெரியும். அருப்புக்கோட்டை மில்லில் ராத்திரி ஷிப்டு முடித்த பையன், நரிக்குடிப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போடுகிற குடும்பம், மிளகாய்க் காட்டுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற பொம்பளைகள். குண்டாற்றில் தண்ணி வந்தால் அதிசயம் என்று கிடக்கிற பூமி இது. வருசத்தில் ஒரு நாள் வேன் பிடித்து, ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டு, பரமக்குடிக்குப் போவார்கள். சாமி கும்பிடவும் இல்லை, ஓட்டுக் கேட்கவும் இல்லை. பெரியவன் முன்னால் சரிக்குச் சரியாக உட்காருவேன் என்ற ஒருத்தனைக் கொன்றார்கள், அவனை நாங்கள் மறக்கவில்லை என்று காட்டிவிட்டு வரப் போகிறார்கள். அவ்வளவுதான். அதுதான் குத்தமாப் போச்சு.

அன்றைக்கு என்ன நடந்தது? இரண்டு நாள் முன்னால், செப்டம்பர் 9 இரவு, கமுதி தாலுகா மண்டலமாணிக்கம் பக்கத்தில் பள்ளப்பச்சேரியைச் சேர்ந்த ஒரு பள்ளிக்கூடப் பையன் வெட்டிக் கொல்லப்பட்டான். பதினாறு வயசு. நினைவு நாளுக்குப் புறப்பட்ட ஜான் பாண்டியனை வல்லநாட்டில் போலீஸ் மறித்துப் பிடித்து வைத்தது. செய்தி பரமக்குடிக்கு வந்தது. விடுதலை செய் என்று சாலையில் உட்கார்ந்தார்கள். தடியடி, பிறகு துப்பாக்கி. கூட்டம் கல்லெறிந்தது, வண்டியைக் கொளுத்தியது, போலீசுக்குக் காயம், தற்காப்புக்காகச் சுட்டோம் என்பது போலீஸ் தரப்பு. முதலில் அடித்தது போலீஸ்தான் என்பது சனங்களின் தரப்பு.

கல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மோடு நிற்கிற நல்லெண்ணக்காரர்களே இந்த இடத்தில்தான் தயங்கி நிற்கிறார்கள். "எல்லாம் சரி தோழர், கல்லு விட்டாங்களாமே?" சரி, விட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். கல் எறிந்தவனுக்கு இந்த நாட்டில் என்ன தண்டனை? எந்தச் சட்டப் புத்தகத்தில் கல்லுக்கு மரண தண்டனை போட்டிருக்கிறது? அதையும் கோர்ட்டு இல்லாமல், வக்கீல் இல்லாமல், யார் எறிந்தது என்றுகூடப் பார்க்காமல், முன்னால் நிற்கிறவனுக்குக் கொடுக்கலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது? எத்தனையோ ஊரில் பஸ்ஸைக் கொளுத்தியிருக்கிறார்கள், நடிகனுக்கும் தலைவனுக்கும் கொளுத்தியிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் துப்பாக்கி இவ்வளவு சீக்கிரம் தோளுக்கு ஏறவில்லை. அக்டோபர் 30 பசும்பொன்னுக்கு இதே மாவட்டத்தில் கூட்டம் திரளுகிறது, அமைச்சர்கள் வரிசையில் நிற்கிறார்கள், போலீசும் நிற்கிறது. அங்கே கூட்டத்துக்குப் பாதுகாப்பு. இங்கே கூட்டத்திடமிருந்து பாதுகாப்பு.

இனி சட்டத்துக்கு வருகிறேன். மாணவத் தோழர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேணும். அன்றைக்கு அமலில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைந்து போகச் சொல்லவும், போகாவிட்டால் வலுவைக் கொண்டு கலைக்கவும், தேவைப்பட்டால் ஆட்களைக் கைது செய்யவும் அதிகாரம் தருகிறது. நிர்வாக மாஜிஸ்திரேட்டும் உத்தரவு போடலாம், நிலைய அதிகாரியும் போடலாம், அவர் இல்லாவிட்டால் சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத போலீஸ் அதிகாரியும் போடலாம். சுடு என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. அடுத்த பிரிவு 130, ராணுவத்தைக் கூப்பிட்டால் என்ன செய்வது என்பது. அங்கே தெளிவாக இருக்கிறது: கூட்டத்தைக் கலைக்க எவ்வளவு தேவையோ அதற்கு ஒத்து, முடிந்தவரை குறைந்த வலுவே பயன்படுத்த வேண்டும், ஆளுக்கும் பொருளுக்கும் முடிந்தவரை குறைந்த சேதமே உண்டாக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள். எல்லையில் சண்டை போடுகிற சிப்பாய்க்குச் 'கொஞ்சமாக அடி' என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. நம்ம தெருவில் வருகிற போலீசுக்கு அந்த ஒரு வரியை 129இல் எழுதவில்லை. அதற்குப் பிறகு 132: இந்தப் பிரிவுகளின் கீழ் செய்த காரியத்துக்காக அரசின் அனுமதி இல்லாமல் வழக்குத் தொடர முடியாது. போதாததற்கு 197ஆம் பிரிவிலும் அனுமதி என்ற பூட்டு. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பேர்தான் வாயில் நுழையாதபடி மாறியிருக்கிறது. 129 இப்போது 148, 132 இப்போது 151, 197 இப்போது 218. வெள்ளைக்காரன் சட்டத்தை ஒழித்துவிட்டோம் என்று கொண்டாடினார்கள். வெள்ளைக்காரன் செய்த பூட்டை மட்டும் எண்ணெய் போட்டு வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளைக்காரனும் இப்படித்தான் செய்தான். ஜாலியன் வாலாபாக் 1919 ஏப்ரலில். அதிகாரிகளைக் காப்பாற்றுகிற சட்டத்தை அந்த வருசம் செப்டம்பரில் நிறைவேற்றினான். ஹண்டர் விசாரணைக் குழுவைப் போட்டது அதற்கு அடுத்த மாசம். முதலில் மன்னிப்பு, பிறகு விசாரணை. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லி நம் பிள்ளைகளை அழ வைக்கிறார்கள். பரமக்குடியில் ரத்தம் காயுமுன்னே, மறுநாள் செப்டம்பர் 12 அன்று, அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா சட்டமன்றத்தில் எழுந்து போலீஸ் தற்காப்புக்குத்தான் சுட்டது என்று அறிக்கை வாசித்தார். கொல்லப்பட்ட சிறுவன் சுவரில் எதையோ எழுதியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்ற கதையும் அதில் வந்தது. அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சம்பத் தலைமையில் கமிஷன். தீர்ப்பு முதல் நாளே வாசிக்கப்பட்டுவிட்டது, விசாரணைக்கு இரண்டு வருசம். 2013 அக்டோபரில் அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது. போலீஸ் செய்தது நியாயம். உயர் நீதிமன்றம் இடையில் சி.பி.ஐ. விசாரணைக்கும் உத்தரவிட்டது. அதனாலும் யாரும் ஜெயிலுக்குப் போய்விடவில்லை.

கமிஷன் என்ற சொல்லைக் கேட்டு எங்க சின்னாத்தா ஒருதடவை கேட்டாள். அவள் நாற்பது வருசமாகக் கரிமூட்டத்தில் வெந்தவள். "ஏய்யா, கமிசன் கமிசன்னு பேசுதீகளே, கரி யாவாரி மூடைக்கு இம்புட்டுன்னு எடுக்கானே, அந்தக் கமிசனா?" நான் சிரித்துக்கொண்டு, இல்லை சின்னாத்தா, இது நீதிபதி விசாரிக்கிறது என்றேன். "விசாரிச்சு ஜெயில்ல போடுவாகளா?" போட அதிகாரம் இல்லை, அறிக்கைதான் கொடுப்பாக என்றேன். "அப்ப அந்தக் கமிசன்தான்" என்று சொல்லிவிட்டு எந்திரிச்சுப் போய்விட்டாள்.

அவள் சொன்னதைத்தான் 1952ஆம் வருசத்து விசாரணைக் கமிஷன்கள் சட்டமும் சொல்கிறது. கமிஷன் கோர்ட்டு இல்லை. அதன் முடிவு யாரையும் கட்டாது. 6ஆம் பிரிவின்படி ஒருவர் கமிஷன் முன் சொன்ன வாக்குமூலத்தை அவருக்கு எதிராகக் குற்ற வழக்கில் பயன்படுத்தவும் முடியாது, பொய்ச் சாட்சி சொன்ன வழக்கைத் தவிர. சுட்டேன் என்று ஒரு அதிகாரி கமிஷனில் ஒப்புக்கொண்டாலும் அந்தச் சொல் கோர்ட்டு வாசலைத் தாண்டாது. மக்கள் கோபம் ஆறும் வரை மூடி வைக்க ஒரு பானை வேண்டும். அந்தப் பானைதான் கமிஷன்.

கொடியங்குளத்தில் 1995 ஆகஸ்ட் 31 அன்று போலீஸ் வீடு வீடாகப் புகுந்து நொறுக்கியது. அதற்குக் கோமதிநாயகம் கமிஷன். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைத் தாமிரபரணிக்குள் விரட்டி அடித்தார்கள். கைக்குழந்தையோடு சேர்த்து பதினேழு பேர் செத்தார்கள். அதற்கு மோகன் கமிஷன். பெரும்பாலும் தண்ணியில் மூழ்கித்தான் செத்தார்கள் என்றது. ஆற்றுக்குள் ஏன் இறங்கினார்கள், குளிக்கவா?

சரி, நமக்குச் சாதகமாக அறிக்கை வந்தால் என்ன ஆகும்? அதையும் பார்த்துவிட்டோம். 2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலையை மூடு என்று போன கூட்டத்தின் மீது சுட்டு 13 பேர் செத்தார்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 17 போலீஸ்காரர்களைப் பேர் சொல்லிக் குற்றம் சாட்டியது. 2022 அக்டோபரில் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. பேர்கள் அச்சில் ஏறின, படித்தோம். அவர்களில் ஒருவரும் இன்னும் தண்டிக்கப்படவில்லை. நமக்கு எதிரான அறிக்கை எல்லாக் கதவையும் மூடுகிறது, நமக்கு ஆதரவான அறிக்கை ஒரு கதவையும் திறப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் ஒவ்வொரு சாவுக்கும் 'நீதி விசாரணை வேண்டும்' என்று போஸ்டர் ஒட்டுகிற நம் இயக்கங்களின் மீது எனக்குக் கோபம் உண்டு. ஆட்சியில் இருப்பவன் கொடுக்கத் தயாராக இருப்பதை நாமே கோரிக்கையாக வைக்கிறோம்.

நம் நாட்டில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். வட அயர்லாந்தில் டெர்ரி என்ற ஊர். 1972 ஜனவரி 30 அன்று உரிமை கேட்டு ஊர்வலம் போன கத்தோலிக்க மக்களை பிரிட்டிஷ் ராணுவம் சுட்டது. 13 பேர் அன்றைக்கே செத்தார்கள். சில வாரங்களிலேயே விட்ஜெரி விசாரணை முடிந்து சிப்பாய்கள் காப்பாற்றப்பட்டார்கள். அந்தச் சனம் விடவில்லை. செத்தவர்களின் அண்ணன் தம்பிகளும் பிள்ளைகளும் வருசா வருசம் அதே தெருவில் நடந்தார்கள். 1998இல் இரண்டாவது விசாரணை, 2010இல் அறிக்கை, செத்தவர்கள் நிரபராதிகள் என்று பிரதமர் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். பிறகு ஒரே ஒரு சிப்பாயின் மீது வழக்கு. அவனுக்கும் கோர்ட்டில் பேர் கிடையாது, 'சிப்பாய் எஃப்' என்றுதான் கூப்பிட்டார்கள். 2025 அக்டோபரில் அவனும் விடுதலை. அங்கேயும் சுட்டவனுக்குப் பேர் இல்லை.

அப்போ நமக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. வாச்சாத்திப் பெண்கள் காட்டிய வழி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை சேர்ந்து தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் புகுந்தது. ஊரையே சூறையாடி, 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அவர்கள் கமிஷனுக்குக் காத்திருக்கவில்லை. குற்ற வழக்குக்குப் போராடினார்கள். பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கூட நின்றன. உயர் நீதிமன்ற உத்தரவில் 1995இல் சி.பி.ஐ. வந்தது. படிக்காத பெண்கள் கூண்டில் ஏறி, இவன்தான், இவன்தான் என்று கை நீட்டினார்கள். பரமக்குடியில் சுட்ட பதினெட்டாம் நாள், 2011 செப்டம்பர் 29 அன்று, தருமபுரி கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர் 269 பேர். 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் கொடு, பாதியைக் குற்றவாளிகளிடம் வசூல் செய் என்றது. 31 வருசம் ஆனது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு குற்றவாளிக்கும் ஒரு பேர் இருந்தது, வரிசை எண் இருந்தது.

பரமக்குடிக்கு என்ன கொடுத்தார்கள்? முதலில் தலைக்கு ஒரு லட்சம் அறிவித்தார்கள். கூட்டத்தின் மீது வழக்குப் போட்டார்கள். அந்த மாதிரி வழக்குகளில் 'மற்றும் பலர்' என்று ஒரு வார்த்தை வரும். நம் சனம் எல்லாமே அந்த 'மற்றும் பலர்' என்ற வார்த்தைக்குள் அடங்கிவிடும். வேண்டும்போது எந்தச் சேரியில் இருந்தும் எவனையும் அதற்குள் தூக்கிப் போடலாம். சுட்டவன் 'மற்றும் ஒருவர்' என்றுகூட வருவதில்லை.

அதன் பிறகு இன்னொரு கூத்து. நினைவு நாள் வந்தால் மாவட்டத்துக்கே தடை உத்தரவு. வாடகை வண்டியில் வரக்கூடாது, சொந்த வண்டியில்தான் வரவேண்டும். பசும்பொன்னுக்கும் இதே விதிதான் என்று அதிகாரி சமத்துவம் பேசுவார். அய்யா, காடுகரை உள்ளவன் வீட்டில் கார் நிற்கிறது. எங்க தெருவில் எவன் வீட்டில் நிற்கிறது? ஆளுக்கு இவ்வளவு போட்டு வேன் பிடிப்பது ஒன்றுதான் எங்களுக்குத் தெரிந்த போக்குவரத்து. அதற்குத் தடை போட்டால் யாருக்குத் தடை? இமானுவேலுக்கு 2010இல் தபால்தலை வந்தது. 2023இல் பரமக்குடியில் மணிமண்டபம் அறிவித்தார்கள். கல்லான இமானுவேலுக்கு மாலை போட எல்லாக் கட்சிக்காரனும் வருகிறான். அந்த ஆறு பேரின் வழக்கு என்ன ஆச்சு என்று அவன்களை ஒரு வார்த்தை கேளுங்கள். மாலை கை மாறுகிற வேகத்தில் பேச்சும் மாறும்.

பக்கத்துத் தெருக்காரர்களுக்கும் சொல்ல இருக்கிறது. 1957 செப்டம்பர் 14 அன்று கீழத்தூவலில் அய்ந்து மறவர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. எங்களுக்காகத்தான் அரசு சுட்டது என்று அதை நான் கொண்டாட மாட்டேன். விசாரணை இல்லாமல் சுட்டது கொலைதான். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மாட்டோம் என்ற கள்ளர்களை வெள்ளைக்காரப் போலீஸ் சுட்டது. அதுவும் கொலைதான். அதற்கு நினைவுத் தூண் வைத்துக் கும்பிடுகிறவர்கள், பரமக்குடி என்றால் மட்டும் 'கலவரத்தை அடக்கினாங்க' என்று பேசுவது எப்படி?

எனக்குத் தெரிந்த ஒரு சின்ன விசயத்தைச் சொல்கிறேன். போலீஸ்காரர் கையில் துப்பாக்கி கொடுக்கும்போது எழுதாமல் கொடுப்பதில்லை. எந்த எண் துப்பாக்கி, எத்தனை ரவுண்டு, யாரிடம், எத்தனை மணிக்கு. எல்லாம் பதிவேட்டில் ஏறும், கையெழுத்து வாங்குவார்கள். திரும்பி வரும்போது மிச்ச ரவுண்டையும் சுட்ட காலிக் குப்பியையும் கணக்குக் கொடுக்க வேண்டும். ஒரு குண்டு குறைந்தால் அந்தப் போலீஸ்காரருக்கு வேலை போகும். ஆக, சுட்டவன் பேர் தெரியாது என்பதே கிடையாது. நாட்டில் எந்தக் குண்டும் அநாதை இல்லை. ரேசன் கடையில் ரெண்டு கிலோ சீனி வாங்க எங்க சின்னாத்தா கரி படிந்த விரலை மிசினில் நாலு தடவை தேய்க்கிறாள், ரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்புகிறான். ஆறு உயிர் எடுத்த விரல் யாருடையது என்று எழுதி வைத்த தாள் இருந்தும் அதை விரித்துக் காட்ட ஆள் இல்லை.

2014இல் உச்ச நீதிமன்றம், மக்கள் சிவில் உரிமைக் கழகம் போட்ட வழக்கில், போலீஸ் சுட்டு ஒருவர் செத்தால் வழக்குப் பதிய வேண்டும், சம்பந்தப்பட்ட நிலையம் அல்லாத வேறு நிலையமோ சி.அய்.டி.யோ விசாரிக்க வேண்டும், துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும் என்று விதிகள் போட்டது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடமையை வேண்டுமென்றே செய்யத் தவறும் தலித் அல்லாத அரசு ஊழியருக்குச் சிறைத் தண்டனை என்கிறது. இதையெல்லாம் மேடையில் முழங்கினால் போதாது. சுட்டது நியாயம் என்றால் அதைச் சொல்லட்டும். ஆனால் குற்றவாளிக் கூண்டில் நின்று, குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்லி, குண்டு இடுப்புக்கு மேலே பட்டதா கீழே பட்டதா என்பதற்குப் பிரேதப் பரிசோதனைத் தாளைப் பார்த்துச் சொல்லட்டும். தற்காப்பு என்பது கோர்ட்டில் நிரூபிக்க வேண்டிய வாதம். சட்டமன்றத்தில் வாசித்து முடிக்கிற அறிக்கை இல்லை.

அதனால் இனி எந்த ஊரில் சூடு நடந்தாலும், பரமக்குடியிலிருந்தே தொடங்கியும், கமிஷன் கேட்காதீர்கள். முதல் தகவல் அறிக்கை கேளுங்கள், செத்தவனைக் குற்றவாளியாக்குகிற அறிக்கை இல்லை, சுட்டவனைக் குற்றம் சாட்டுகிற அறிக்கை. வழக்குத் தொடர அரசின் அனுமதி கேட்டு மனுப் போடுங்கள், மறுத்தால் மறுத்த காரணத்தை எழுத்தில் வாங்கி அதையே உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு போங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த நாளின் ஆயுதப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். ரகசியம் என்று தட்டிக் கழிப்பார்கள். மனித உரிமை மீறல் சம்பந்தமான தகவலை, விலக்குப் பெற்ற அமைப்பும் தர வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவிலேயே இருக்கிறது, அதைக் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள். மனு எழுத மதுரையிலும் அருப்புக்கோட்டையிலும் நம் வக்கீல் பிள்ளைகள் இருக்கிறார்கள். மனுதாரர் இடத்தில் பேர் போட யோசிக்கிறவர்கள் முதல் மனுவில் என் பேரைப் போட்டுக்கொள்ளட்டும்.